பூட்லோடர் திறந்த போன் மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழி

பழைய வண்ணாரப்பேட்டையில் செல்போன் சர்வீஸ் வேலை பார்க்கிறேன். தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி பக்கமிருந்து வரும் போன்களில் பூட்லோடர் திறந்தவை ஒரு தனி ரகம். பூட்லோடர் என்பது ஆன் செய்ததும் முதலில் ஓடி ஆண்ட்ராய்டை எழுப்பும் புரோகிராம். அதன் பூட்டைத் திறந்தால்தான் கம்பெனி தராத சாஃப்ட்வேரைப் போட முடியும். சிலவற்றைக் கல்லூரிப் பிள்ளைகள் தாங்களே ரூட் செய்திருப்பார்கள், அதாவது போனின் முழு அதிகாரத்தையும் கையில் எடுத்திருப்பார்கள். சிலவற்றைப் பர்மா பஜாரில் செகண்ட் ஹேண்டாக வாங்கியிருப்பார்கள். உள்ளே என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்பது வாங்கியவருக்கே தெரியாது.

ரூட் செய்ததாலேயே போன் சாவது குறைவு. கோளாறு வந்த பிறகு பதற்றத்தில் செய்கிற அடுத்த வேலைதான் கொன்றுவிடுகிறது. வேறு மாடலின் ஃபைலைப் போடுவது, பழைய வெர்ஷனுக்கு இறக்குவது, எல்லாவற்றையும் விட மோசமாக, கோளாறு இருக்கும்போதே பூட்லோடரைத் திரும்பப் பூட்டுவது. பூட்லோடர் திறந்திருக்கும் வரை போனுக்குள் போக ஒரு வழி உண்டு. எந்த அறிகுறியாக இருந்தாலும் கோளாறு தீரும் வரை அந்தக் கதவை மூடாதீர்கள்.

கமாண்டுகளைக் கீழே உச்சரிப்பிலேயே எழுதியிருக்கிறேன். கம்ப்யூட்டரில் ஆங்கிலத்தில் அடியுங்கள்.

கை வைப்பதற்கு முன்

போனின் சரியான மாடல் எண் வேண்டும். 'ரெட்மி நோட்' என்றால் போதாது. பெட்டியில் இருக்கும் முழு எண் வேண்டும். கடைசியாக ஓடிய சாஃப்ட்வேர் வெர்ஷன் வேண்டும். பேட்டரி பாதிக்கு மேல் இருக்க வேண்டும். டெஸ்க்டாப்பை விட லேப்டாப் நல்லது. ஃப்ளாஷ் (போனில் சாஃப்ட்வேரை எழுதும் வேலை) ஓடும்போது கரண்ட் போனாலும் வேலை நிற்காது. உள்ளே இருக்கும் போட்டோ, நம்பர் எல்லாம் தேவையா என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். பூட்லோடரைத் திறந்தாலும் பூட்டினாலும் டேட்டா முழுக்க அழியும்.

அறிகுறி: ஆன் செய்யும்போது எச்சரிக்கை வருகிறது, பிறகு போன் நன்றாக ஓடுகிறது

மீடியாடெக் போன்களில் 'ஆரஞ்ச் ஸ்டேட்' என்று எழுதி, 5 விநாடியில் போன் ஆன் ஆகும் என்று சொல்லும். மற்ற போன்களில் திறந்த பூட்டுப் படமோ, 'பூட்லோடர் திறந்திருக்கிறது' என்ற வாசகமோ வரும். இது கோளாறே கிடையாது. பூட்லோடர் திறந்திருப்பதைப் போன் ஒவ்வொரு முறையும் சொல்கிறது, அவ்வளவுதான்.

'அண்ணா, இந்த எழுத்து மட்டும் போகணும்' என்று கேட்டு வருகிறவர்கள் நிறைய. அந்த எழுத்தைப் போக்க பூட்லோடரைப் பூட்ட வேண்டும். இங்கேதான் ஆபத்து.

பூட்டுவதற்கு முன் உள்ளே இருக்கும் சாஃப்ட்வேர் முழுக்க முழுக்க கம்பெனி ஒரிஜினலாக இருக்க வேண்டும். ரூட், டி.டபிள்யூ.ஆர்.பி. ரிகவரி (கம்பெனி ரிகவரிக்குப் பதிலாகப் போடும், சாஃப்ட்வேர் போடவும் அழிக்கவும் உதவும் திரை), கஸ்டம் ரோம் (கம்பெனி தராத ஆண்ட்ராய்டு) எது இருந்தாலும், பூட்டியதும் போன் தன் சாஃப்ட்வேரையே ஏற்க மறுத்து நின்றுவிடும். ஷாவ்மி, ரெட்மி, போக்கோ போன்களில் இன்னொரு கண்ணி உண்டு. சீனாவில் விற்க வந்த போனில் குளோபல் ரோம் போட்டு இங்கே விற்கிறார்கள். திறந்திருக்கும் வரை அது அருமையாக ஓடும். பூட்டிய நிமிடமே, இந்த வெர்ஷனை இந்தப் போனில் போட முடியாது என்று சொல்லி ரிகவரியில் நின்றுவிடும். செகண்ட் ஹேண்ட் போன் என்றால், அது எந்த நாட்டுக்கான மாடல் என்று பார்க்காமல் பூட்டவே கூடாது.

மி ஃப்ளாஷ் என்ற கம்ப்யூட்டர் சாஃப்ட்வேரைப் பயன்படுத்துகிறவர்கள் ஜன்னலின் அடிப்பகுதியைப் பாருங்கள். அங்கே வரிசையாகச் சில வட்டங்கள் இருக்கும். பல வெர்ஷன்களில் 'க்ளீன் ஆல் அண்ட் லாக்' என்பதில்தான் புள்ளி தானாகவே விழுந்திருக்கும். அதைக் கவனிக்காமல் ஃப்ளாஷ் பட்டனை அழுத்தினால், எல்லாம் முடிந்த கையோடு போனைப் பூட்டிவிடும். புள்ளியை 'க்ளீன் ஆல்' என்பதற்கு மாற்றிய பிறகே தொடங்குங்கள். எங்களிடம் வரும் பூட்டிச் செத்த ரெட்மிகளில் பல இந்த ஒரு வட்டத்தால் வந்தவை.

அறிகுறி: 'டிஎம்-வெரிட்டி கரப்ஷன்' என்று வருகிறது

பவர் பட்டனை ஒரு தடவை அழுத்துங்கள். பெரும்பாலும் போன் உள்ளே போய்விடும். அழுத்தாமல் விட்டால்தான் அணைந்துவிடும். சிஸ்டம் பகுதியில் ஏதோ மாறியிருப்பதைப் போன் கண்டுகொண்டது என்று அர்த்தம். அதே வெர்ஷனின் ஒரிஜினல் பூட் இமேஜையும் (போனை எழுப்பும் ஃபைல்) விபிமெட்டா இமேஜையும் (சாஃப்ட்வேர் மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் ஃபைல்) திரும்பப் போட்டுப் பாருங்கள். போகவில்லை என்றால் முழு ஒரிஜினல் சாஃப்ட்வேரைப் போடவேண்டியதுதான். ஒவ்வொரு தடவையும் பவர் பட்டனை அழுத்துவது தொந்தரவாக இல்லையென்றால் அப்படியே விட்டாலும் பாதகமில்லை.

அறிகுறி: லோகோ வரை வந்து திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறது

அதிகம் வருவது இதுதான். முதலில் ஒரே ஒரு பரிசோதனை. பவர் பட்டனையும் வால்யூம் டவுன் பட்டனையும் சேர்த்து அழுத்தி ஃபாஸ்ட்பூட் (கம்ப்யூட்டர் கமாண்டுக்குப் போன் காத்திருக்கும் நிலை) திரைக்குக் கொண்டுபோய், மேசையில் வைத்துவிட்டுச் சும்மா இருங்கள்.

*அங்கேயும் தானாக ரீஸ்டார்ட் ஆனால்:* சாஃப்ட்வேரைத் தொட வேண்டாம். பவர் பட்டன் உள்ளே அமுங்கிக் கிடக்கலாம், பேட்டரி போயிருக்கலாம். பேக் கவரைக் கழற்றிப் பட்டனை நாலு தடவை அழுத்தி விடுங்கள். சார்ஜரில் போட்டால் நிற்கிறது, எடுத்தால் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் பேட்டரி மேல்தான் சந்தேகம். இது கடை வேலை, பெரிய செலவும் இல்லை. ரூட் செய்த போன் என்பதாலேயே சாஃப்ட்வேர் கோளாறு என்று நினைத்து, பட்டன் கோளாறுக்கு டேட்டாவை அழித்தவர்கள் உண்டு.

*ஃபாஸ்ட்பூட்டில் அமைதியாக நின்றால்:* சாஃப்ட்வேர்தான். இந்த வரிசையில் போங்கள்.

ரூட் செய்ய உதவும் ஆப்பான மேஜிஸ்க்கில் கடைசியாக மாட்யூல் (கூடுதல் வசதி) ஏதாவது போட்டீர்களா? அப்படியென்றால் போனை ஆன் செய்து, ஆண்ட்ராய்டு அனிமேஷன் ஓடத் தொடங்கியதும் வால்யூம் டவுனை அழுத்திப் பிடியுங்கள். சேஃப் மோடில் போகும். மேஜிஸ்க் அதைப் பார்த்ததும் எல்லா மாட்யூல்களையும் அணைத்துவிடும். அப்புறம் சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்யலாம், மாட்யூல்கள் அணைந்தபடியே இருக்கும். ஒரு பைசா செலவில்லை, டேட்டாவும் போகாது. அதனால் இதைச் செய்து பார்க்காமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

மாட்யூல் காரணம் இல்லை, ரூட் செய்த உடனேயே இப்படி ஆனது என்றால் பூட் இமேஜ் பொருந்தவில்லை. போனில் ஓடும் வெர்ஷனும் ரூட்டுக்காக நீங்கள் பேட்ச் செய்த (மேஜிஸ்க்கில் மாற்றிய) ஃபைலின் வெர்ஷனும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். ஒரு அப்டேட் வித்தியாசம் இருந்தாலும் மக்கர் செய்யும். ஆண்ட்ராய்டு 13 அல்லது அதற்குப் பிந்தைய வெர்ஷனோடு கடைக்கு வந்த போன்களில் பேட்ச் செய்ய வேண்டியது பெரும்பாலும் பூட் இமேஜ் இல்லை, இனிட்-பூட் இமேஜ். பழைய வீடியோவைப் பார்த்துச் செய்கிறவர்கள் இங்கே தடுக்கி விழுகிறார்கள். அதே வெர்ஷனின் முழு சாஃப்ட்வேர் பேக்கிலிருந்து ஒரிஜினல் இமேஜை எடுத்து, 'ஃபாஸ்ட்பூட் ஃப்ளாஷ் பூட்' என்று அடித்து ஃபைல் பெயரைக் கொடுங்கள். இனிட்-பூட் என்றால் அந்தப் பெயரை. ரூட் போகும், டேட்டா இருக்கும்.

கஸ்டம் ரோம் போட்டதும் லோகோவிலேயே நிற்கிறதா? பழைய ரோம் என்க்ரிப்ட் செய்து வைத்த டேட்டாவைப் புது ரோமால் திறக்க முடியவில்லை. டி.டபிள்யூ.ஆர்.பி.யில் 'வைப்' செய்தால் போதாது. 'ஃபார்மட் டேட்டா' என்று தனியாக ஒன்று உண்டு, 'யெஸ்' என்ற முழு வார்த்தையைக் கைப்பட அடிக்கச் சொல்லும். அதைச் செய்ய வேண்டும். எல்லாம் அழியும் என்பதால், போட்டோக்கள் உள்ளே இருந்தால் பழைய ரோமையே திரும்பப் போட்டு ஆன் ஆகிறதா என்று முதலில் பாருங்கள். ஏற்கெனவே ஃபார்மட் செய்திருந்தால் இந்த வழி கிடையாது.

அப்டேட் போட்ட பிறகு வந்த கோளாறு என்றால் ஸ்லாட்டைப் பாருங்கள். இப்போதைய போன்கள் பலவற்றில் சாஃப்ட்வேருக்கு ஏ, பி என்று இரண்டு இடம் உண்டு. 'ஃபாஸ்ட்பூட் கெட்வார் கரண்ட்-ஸ்லாட்' என்று கேட்டால் எதில் நிற்கிறது என்று சொல்லும். 'செட்-ஆக்டிவ்' கமாண்டால் மற்றதற்கு மாற்றிப் பாருங்கள். பழைய ஸ்லாட்டில் பழைய சாஃப்ட்வேர் பத்திரமாக இருந்தால் போன் எழுந்துவிடும்.

இவை எதிலும் சரியாகவில்லை என்றால் முழு ஒரிஜினல் சாஃப்ட்வேர். அதைப் போடும்போது எழுத முடியவில்லை என்று ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றால், கேபிளையும் கம்ப்யூட்டரையும் மாற்றிப் பாருங்கள். அப்போதும் நின்றால் மெமரி ஐ.சி. தேய்ந்துவிட்டது என்ற சந்தேகம் வலுக்கும். அதற்கு மேல் வீட்டில் வேலையில்லை. சிப் லெவல் வேலை செய்யும் கடைக்குப் போங்கள்.

அறிகுறி: கம்ப்யூட்டர் போனைக் கண்டுகொள்ளவே இல்லை

'ஃபாஸ்ட்பூட் டிவைசஸ்' என்று அடித்தால் ஒன்றும் வராது. கேபிளை மாற்றுங்கள், சார்ஜ் மட்டும் ஏறும் கேபிள்கள் மார்க்கெட்டில் நிறைய. அடுத்து டிரைவர்: விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு போன் தெரிந்தால், அதில் ரைட் க்ளிக் செய்து 'ஆண்ட்ராய்டு பூட்லோடர் இன்டர்ஃபேஸ்' டிரைவரைக் கையால் தேர்ந்தெடுத்துப் போடுங்கள்.

ரைசன் ப்ராசஸர் லேப்டாப் வைத்திருக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. கேபிளைச் செருகியதும் அல்லது கமாண்ட் அடித்ததும், ஃபாஸ்ட்பூட் படம் போய்த் திரை கறுப்பாகி, இடது மேல் மூலையில் பொடி எழுத்தில் 'பிரஸ் எனி கீ டு ஷட்டவுன்' என்று வரும். போன் போய்விட்டது என்று பயந்துவிடுவார்கள். போனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த லேப்டாப்பின் யு.எஸ்.பி. 3 போர்ட்டும் ஃபாஸ்ட்பூட்டும் ஒத்துப்போகவில்லை. நடுவில் சாதாரண யு.எஸ்.பி. 2.0 ஹப் ஒன்றைச் செருகினால் பெரும்பாலும் வேலை நடக்கும். இல்லையென்றால் இன்டெல் கம்ப்யூட்டருக்குப் போங்கள்.

எல்லாம் சரி, அப்போதும் வரவில்லை என்றால் போனின் சார்ஜிங் போர்ட்டை வெளிச்சத்தில் பாருங்கள். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் உப்புக் காற்றில் புழங்கும் போன்களில் பின்கள் பச்சை பூத்திருக்கும். சார்ஜ் ஏறும், டேட்டா போகாது. போர்ட் மாற்ற வேண்டும். ரூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அறிகுறி: ரெட்மியில் 'சிஸ்டம் ஹேஸ் பீன் டெஸ்ட்ராய்ட்' என்று வருகிறது

படிக்கப் பயமாக இருந்தாலும் பிழைக்கக்கூடிய நிலைதான். விபிமெட்டா சரிபார்ப்பில் தோற்றிருக்கிறது. ரிகவரியை மாற்றிப் போட்டவர்களுக்கு வரும். பூட்லோடர் திறந்திருந்தால் ஃபாஸ்ட்பூட்டுக்குப் போய் ஒரிஜினல் சாஃப்ட்வேரைப் போடுங்கள், லாக் வட்டத்தைப் பார்த்து.

போடுவதற்கு முன் 'ஃபாஸ்ட்பூட் கெட்வார் ஆன்டி' என்று கேளுங்கள். பழைய வெர்ஷனுக்கு இறங்கவிடாமல் தடுக்கும் எண் ஒன்று வந்தால், போடப்போகும் சாஃப்ட்வேரின் ஆன்டி எண் அதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. 2018-ல் ரெட்மி நோட் 5 ப்ரோவில் இந்தத் தடை வந்தபோது, பழைய வெர்ஷனுக்கு இறக்கப்போய்ப் பல போன்கள் ஒரேயடியாகக் கறுத்துப்போயின. பூட்லோடர் பூட்டியிருந்தால் இது வீட்டு வேலை இல்லை. கம்பெனி சர்வீஸ் சென்டர் அல்லது அனுமதி பெற்ற அக்கவுண்ட் வைத்திருக்கும் டெக்னீஷியன்.

அறிகுறி: சாம்சங், ஃப்ளாஷ் ஏற மறுக்கிறது

சாம்சங்கில் ஃபாஸ்ட்பூட் கிடையாது. போனில் டவுன்லோட் மோடும், கம்ப்யூட்டரில் ஓடின் என்ற சாஃப்ட்வேரும்தான். 'எஸ்.டபிள்யூ. ரெவ். செக் ஃபெயில்' என்று வந்தால் நீங்கள் போடுவது பழைய சாஃப்ட்வேர். பில்ட் எண்ணின் கடைசியிலிருந்து ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள். அது போனில் இருப்பதைவிடக் குறைவாக இருந்தால் ஏறவே ஏறாது. சமமான அல்லது மேலான எண் உள்ளதை இறக்குங்கள். டேட்டா வேண்டுமென்றால் ஓடினில் சி.எஸ்.சி. (நாட்டுக்கான அமைப்புகள் இருக்கும் ஃபைல்) இடத்தில் ஹோம் சி.எஸ்.சி. ஃபைலைக் கொடுங்கள். சாதாரண சி.எஸ்.சி. கொடுத்தால் அழிந்துவிடும்.

நாக்ஸ் (சாம்சங்கின் பாதுகாப்பு அமைப்பு) வாரன்ட்டி எண் 1 ஆகிவிட்டால் அதைத் திரும்ப 0 ஆக்க முடியாது. அது சிப்புக்குள் எரிந்துபோகும் ஃப்யூஸ். காசு வாங்கிக்கொண்டு அதைச் சரிசெய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அறிகுறி: போன் நன்றாக இருக்கிறது, பேங்க் ஆப் மட்டும் திறக்கவில்லை

மேஜிஸ்க்கை நீக்கியும் திறக்கவில்லை என்று குழம்புகிறார்கள். ஆப் ரூட்டை மட்டும் பார்ப்பதில்லை. கூகுளின் ப்ளே இன்டெக்ரிட்டி என்ற சோதனை மூலம் பூட்லோடர் திறந்திருப்பதையும் தெரிந்துகொள்ள முடியும். மேஜிஸ்க்கின் டினைலிஸ்ட்டில் (ரூட்டை மறைக்க வேண்டிய ஆப்களின் பட்டியல்) அந்த ஆப்பைச் சேர்ப்பது சில ஆப்களுக்குப் போதும். மற்றவற்றுக்கு இன்றைக்கு ஒரு மாட்யூல் வேலை செய்யும், அடுத்த மாதம் செய்யாது.

இதில் என் கருத்து உறுதியானது. மீன் ஏலக் காசும் கடை வசூலும் க்யூ.ஆர். ஸ்டிக்கர் வழியாக வந்து விழும் ஊர் இது. தினமும் பணம் புழங்கும் போனில் ரூட் வேண்டாம். ஒளிக்கும் வேலையைத் துரத்திக்கொண்டிருப்பதை விட, ஒரிஜினல் சாஃப்ட்வேர் போட்டு, முதல் அறிகுறியில் சொன்னதையெல்லாம் சரிபார்த்துப் பூட்டிவிடுங்கள். ரூட் ஆசைக்குப் பழைய போன் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

படம் பார்க்கும் ஆப்களில் திரை மங்கலாகத் தெரிவதும் இந்த வகைதான். வைட்வைன் என்ற திருட்டுத் தடுப்பின் தரம் எல் 1-லிருந்து எல் 3-க்கு இறங்கியிருக்கும். சில மாடல்களில் பூட்டினால் திரும்பும்.

அறிகுறி: கஸ்டம் ரோம் போட்டதும் டச் வேலை செய்யவில்லை

இதற்கு முன் எப்போதாவது டிஸ்ப்ளே மாற்றினீர்களா? ஆமாம் என்றால் காரணம் பெரும்பாலும் அதுதான். வெளியே மாற்றும் காம்போவில் (டிஸ்ப்ளேயும் டச்சும் சேர்ந்த பாகம்) டச் ஐ.சி. வேறு கம்பெனியுடையதாக இருக்கலாம். ஒரிஜினல் சாஃப்ட்வேரில் அதற்கும் டிரைவர் இருக்கும், கஸ்டம் ரோமின் கெர்னலில் (ஹார்ட்வேரை இயக்கும் அடிப்படைப் பகுதி) இருக்காது. ஒரிஜினலைத் திரும்பப் போடுங்கள். டச் வந்துவிட்டால் புது டிஸ்ப்ளே வாங்க வேண்டாம். வேறு கெர்னல் தேடலாம் அல்லது ஒரிஜினலிலேயே இருக்கலாம். ஒரிஜினலிலும் வரவில்லை என்றால்தான் காம்போவையும் கனெக்டரையும் கடையில் காட்ட வேண்டும்.

அறிகுறி: சிக்னல் இல்லை, ஐ.எம்.இ.ஐ. காணவில்லை

*#06# அடித்து ஐ.எம்.இ.ஐ.யை, அதாவது போனின் 15 இலக்க அடையாள எண்ணைப் பாருங்கள். பெட்டியில் இருக்கும் எண்ணே வந்தால் கோளாறு மோடம் சாஃப்ட்வேரில். அதே வெர்ஷனின் ஒரிஜினலை முழுதாகப் போட்டால் பெரும்பாலும் வந்துவிடும். எண் காலியாகவோ பூஜ்யமாகவோ வந்தால் நெட்வொர்க் விவரங்கள் பதிந்திருக்கும் இ.எஃப்.எஸ். அல்லது பெர்சிஸ்ட் பகுதி அழிந்திருக்கிறது. ரூட் செய்தபோது அதற்கு பேக்கப் எடுத்திருந்தால் திரும்பப் போடுங்கள். எடுக்கவில்லை என்றால் பில்லையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

வேறொரு போனின் எண்ணை எழுதித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி ஐ.எம்.இ.ஐ.யில் கைவைப்பது குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். செகண்ட் ஹேண்ட் போன் வாங்கும்போதே கே.ஒய்.எம். என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, 15 இலக்க எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் அந்த எண் எந்தக் கம்பெனியின் எந்த மாடலுடையது, முடக்கப்பட்டதா என்று தெரியும்.

அறிகுறி: ஃப்ளாஷ் போட்டதும் பழைய ஜிமெயில் கேட்கிறது

உங்கள் ஜிமெயில் என்றால் பாஸ்வேர்டை மீட்டெடுங்கள். விற்றவருடையது என்றால் அவரைக் கூப்பிட்டுப் போடச் சொல்லுங்கள். பில் இல்லாத போனில் இதை உடைத்துத் தர நாங்கள் சம்மதிப்பதில்லை.

அறிகுறி: முழுக்கக் கறுப்பு, வைப்ரேஷன் கூட இல்லை

வேறு சார்ஜரில் அரை மணி நேரம் போடுங்கள். பிறகு பவரையும் வால்யூம் டவுனையும் சேர்த்து 20 விநாடிக்கு மேல் அழுத்திப் பிடியுங்கள். ஒன்றும் இல்லையென்றால் கம்ப்யூட்டரில் செருகி டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்கள்.

'குவால்காம் 9008' என்றோ, வந்து வந்து மறையும் மீடியாடெக் போர்ட் என்றோ தெரிந்தால் ப்ராசஸர் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் இதற்கு மேல் நீங்களே செய்ய வேண்டாம். இந்த நிலையில் தவறான ஃபைல் ஏறினால் ஐ.எம்.இ.ஐ. இருக்கும் பகுதியும் சேர்ந்து போகும். எதுவுமே தெரியவில்லை என்றால் போர்டைக் கழற்றி, சப்ளையில் வைத்து கரண்ட் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். சிப் லெவல் டெக்னீஷியன் வேலை.

கடைக்குப் போகும்போது கடைசியாக எந்த ஃபைலைப் போட்டீர்கள், எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அந்த ஃபைல் இருக்கும் பென் டிரைவைக் கொண்டுபோனால் இன்னும் நல்லது. மாடல் எண்ணைத் தேடி அலையும் நேரமே மிச்சமாகும்.

உள்ளே இருக்கும் படங்கள் வேண்டுமென்றால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இப்போதைய போன்களில் டேட்டாவைத் திறக்கும் சாவி ப்ராசஸரோடு பிணைந்திருக்கிறது. மெமரி ஐ.சி.யைப் பிடுங்கி வேறு போர்டில் வைத்தால் போட்டோ வராது. அதே போர்டு எழுந்தால்தான் வரும். புது ஐ.சி. போட்டு போனை ஓட வைப்பதும் டேட்டாவோடு போனை எழுப்புவதும் வேறு வேறு வேலைகள், கூலியும் வேறு. ரசீதில் 'டேட்டா வேண்டும், ஃபார்மட் செய்யக் கூடாது' என்று எழுதி வாங்கிக்கொண்ட பிறகு போனைக் கொடுங்கள்.